சுண்டுவிரல் வரை ஓடிய ரப்பர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அது பொய்யில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதும் அந்தக் கோபத்தை நினைத்துத்தான் முதலில் வெட்கமாக இருந்தது.

மரக்காணத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. அவள் உப்பளத்தில் உப்பு சுமக்கிறாள். ஆண்கள் பலகையால் இழுத்து ஒதுக்கும் உப்பைக் கூடையில் வாரி, தலையில் வைத்து, வரப்பில் நடந்து மேட்டில் கொட்ட வேண்டும். நான் வானூர் பக்கம் ஒரு சின்ன ரப்பர் கம்பெனிக்குப் போகிறேன். மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் மேட், ஆட்டோவில் காலுக்கடியில் போடும் மேட், இவைதான் எங்கள் சரக்கு. பழைய டயரை அரைத்த தூள், பழைய ரப்பரை வேகவைத்து மறுபடி இளக்கிய ரீக்ளெய்ம், கொஞ்சம் புது ரப்பர், கரி, க்ளே என்று நாங்கள் சொல்லும் வெள்ளைக் களிமண் தூள், எண்ணெய், கந்தகம். எதில் எவ்வளவு என்று நிறுத்துக் கொடுப்பது என் வேலை. அக்கா என்னைத் தராசுக்காரி என்பாள். நான் அவளைக் கூடைக்காரி என்பேன்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் யாருக்கும் வெடிக்கும். கொஞ்ச நாளில் ஆறிவிடும். அவளுக்கு வலது சுண்டுவிரல் ஓரத்தில் வந்த வெடிப்பு ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததுதான் மோசம் என்றார் டாக்டர். இந்தக் கால் இனிமேல் நனையவே கூடாது, நனைந்தால் விரல் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லி, வேலையை விடச் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அவருக்கு இன்னா, சொல்லிட்டாரு. வூட்ல குந்திக்கினு நான் இன்னாடி பண்றது?"

"கொஞ்ச நாளைக்குத்தாங்க்கா."

"கொஞ்ச நாளு குந்துனா அப்புறம் எழுந்திருக்கவே தோணாது. எனக்குத் தெரியாதா என்னைப் பத்தி?"

கடையில் பூட்ஸ் வாங்கிப் பார்த்தோம். எல்லாம் ஆம்பிளை அளவு, முழங்கால் உயரம். அவள் கால் சின்னது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் கால் ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம் போனது. இரண்டாம் நாளே வரப்பிலிருந்து சரிந்து பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அளம் முழுக்கச் சிரித்ததாம். பூட்ஸ் அடுப்படிக்கு வெளியே வெங்காயம் போட்டு வைக்கும் பாத்திரமாக மாறியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் பழைய இரும்பில் கணுக்கால் உயர ஷூவுக்கான ஒரு மோல்டு, இரும்பு அச்சு, வாங்கி வந்தார். பெண்கள் அளவு. மேட்டை விட்டு வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் மறுநாளே அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். உப்பளத்துப் பெண்களுக்கு இதில் ஷூ செய்யலாம், பத்து ஜோடி செய்து கொடுத்துப் பார்க்கலாம், அதற்கான ரப்பர் கலவையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அது ஓடாதும்மா, நம்ம கலவை மேட்டுக்குத்தான் லாயக்கு" என்றார். "ஓட வெக்கிறேங்க" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும்.

ஓடுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கலந்த ரப்பர் பார்ப்பதற்குக் கறுப்புக் கட்டியாக, அசையாமல் கிடக்கும். சூடான மோல்டில் வைத்துப் பிரஸ்ஸால் அழுத்தினால் இளகி, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து நிறைய வேண்டும். நிறைந்த பிறகுதான் வெந்து இறுக வேண்டும். மேட் தட்டையானது, அதற்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஷூவுக்குக் குதிகால், ஓரம், நுனி எல்லாம் உண்டு. முதல் ஷூவை எடுத்தபோது வலது காலில் சரியாகச் சுண்டுவிரல் இடம் மட்டும் எலி கடித்ததுபோல் இல்லாமல் இருந்தது. மோல்டில் அதுதான் தூரத்து மூலை.

இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பரைக் கலக்கும் ரோல் மில்லில் நிற்கும் அண்ணன் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்கால்வாசி நாள் அவரோடு எனக்குச் சண்டைதான். ஆனால் ரோலில் ரப்பர் சுற்றும் சத்தத்தை வைத்தே கலவையைச் சொல்லக்கூடியவர் அவர்.

"இன்னாம்மா, உங்க அக்காவுக்கு நாலு வெரலா?" என்றார்.

அப்போது நானும் சிரித்தேன்.

அடுத்த ஒரு மாதம் அந்த மூலையோடுதான் குடித்தனம். அரைத்த டயர் தூள் ஓடாது. ஏற்கெனவே வெந்து முடிந்த ரப்பர் அது. அக்கம்பக்கத்து ரப்பர் ஓடினால் அதன் மேல் ஏறிக்கொண்டு போகும், அவ்வளவுதான். க்ளே அதிகமானால் கலவை விறைக்கும். எண்ணெய் ஊற்றினால் இளகும். கூடினால் வெந்த பிறகும் கொழகொழவென்று இருந்து சுலபமாகக் கிழியும். நேற்றுக் கலந்ததை இன்று அப்படியே போட்டால் முறைத்துக்கொண்டு நிற்கும். ரோலில் நாலு சுற்று விட்டு, சூடேற்றி, அதன் முறைப்பைக் கலைத்த பிறகுதான் வழிக்கு வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் மாதிரிதான்.

ஓட்டத்தை அளக்க எங்களிடம் மிஷின் கிடையாது. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே எடையில் கலவையை உருண்டையாக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே பிரஸ்ஸில் ஒரு நிமிஷம் வைப்பேன். எடுத்தால் அப்பளம்போல் விரிந்திருக்கும். அகலமான அப்பளம் என்றால் நன்றாக ஓடும் கலவை. முதல் கலவை மெதுவடை அளவுக்குத்தான் வந்தது. தூளைக் குறைத்தேன், ரீக்ளெய்மைக் கூட்டினேன், க்ளேயைக் கொஞ்சம் இறக்கினேன், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். ஒவ்வொரு அப்பளத்தின் ஓரத்தையும் சாக்பீஸால் தரையில் வரைந்து வைத்தேன். பெருக்குகிற அம்மா ஒருநாள் அதையெல்லாம் துடைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

க்ளேயைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய கார்த்திகை மழையில் ஸ்டோருக்குள் தண்ணீர் வந்து, க்ளே இருந்த காகித மூட்டைகளின் அடி பிய்ந்துவிட்டது. நனையாததை மட்டும் வாரி எதிலாவது கட்ட வேண்டும். எங்கள் ஊரில் எதைக் கட்டுவதென்றாலும் உப்புச் சாக்குதான். நெல், கரி, துணி, கோழிக்குஞ்சு, எல்லாவற்றுக்கும். அக்காவிடம் கேட்டு அளத்திலிருந்து இருபது சாக்கு கொண்டுபோனேன். கழுவலாமா என்று மில் அண்ணன் கேட்டார். கழுவவே கூடாது என்று நான்தான் தடுத்தேன். ரப்பருக்கு ஈரம் எமன். க்ளேயில் துளி ஈரம் இருந்தாலும் மோல்டுக்குள் ஆவியாகி ரப்பரில் கொப்புளம் போடும். அதனால் சாக்குகளை நன்றாக உதறி, தட்டி, அப்படியே கட்டினோம். சமயத்தில் கை கொடுத்தாய் என்று முதலாளி என்னைப் பாராட்டினார். நானும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒரு வழியாக மாசியில் மூலை நிறைந்தது. கலவை மட்டும் போதவில்லை, ரப்பர்க் கட்டியை நடுவில் வைக்காமல் நுனிப் பக்கம் தள்ளி வைத்ததும் உதவியது. அந்த யோசனை மில் அண்ணனுடையது. வெளியே எடுத்த ஷூவில் சுண்டுவிரல் இடம் வழவழவென்று முழுசாக இருந்தது. அங்கே சுவர் மெல்லியதுதான், ஆனாலும் முழுசு. நான் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். கலக்கும்போது ரோலில் படபடவென்று ஏதோ நொறுங்குகிறதே என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டார். ரீக்ளெய்மில் மண்ணும் கம்பித் துண்டும் வருவது புதுசா என்று அவர் வாயை அடைத்தேன்.

பத்து ஜோடியையும் அக்கா வேலை செய்யும் அளத்திலேயே சோதித்தோம். அங்கே தண்ணீருக்கா பஞ்சம்? பெண்கள் ஷூ போட்டுக்கொண்டு காலை முழுக்க உப்புப் பாத்தியில் நின்றார்கள், சுமந்தார்கள். மதியம் கழற்றினால் அத்தனை காலும் காய்ந்திருந்தது. அக்கா தன் வலது காலை என் மடியில் தூக்கி வைத்தாள்.

"பாத்துக்கடி தராசுக்காரி. பவுடர் போட்ட மாதிரி இருக்குது."

அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் நான் அழுவது அபூர்வம்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். ஷூவுக்குள் ஈரமாக இருக்கிறது என்றாள். வியர்வையாக இருக்கும் என்றேன். வியர்வை இல்லை, சாக்ஸ் பிழிகிற அளவு இருக்கிறது என்றாள். அன்று கம்பெனியில் எனக்கு வேறு ஒரு எரிச்சல். அதை அவள் மேல் காட்டினேன்.

"மம்முட்டில குத்தியிருப்ப. இல்ல கல்லுல தேச்சிருப்ப. ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரிஞ்சா தானே?"

"தெனம் குழாத் தண்ணியில கழுவித் தொடச்சுத்தான்டி வெக்கிறேன்."

"கழுவுன லட்சணம் தெரியுது. நான் ஒரு மாசம் உயிரக் குடுத்து செஞ்சத ஒரே வாரத்துல ஓட்டை பண்ணிட்ட."

அக்கா உள்ளே போய்விட்டாள். அவள் பதில் பேசாமல் போவது நல்லதல்ல என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஈரத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் ஷூவோடு போனாள், மாலையில் ஷூவோடு வந்தாள். சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் காலை, கடுகு கேட்க அவள் வீட்டுக்குள் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, கழுவிய பால் கவரை வலது காலில் மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் சாக்ஸ், அதற்கு மேல் ஷூ. கொடியில் இன்னும் நாலைந்து கவர் காய்ந்தது. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். எடைக்குப் போடச் சேர்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"இன்னாக்கா இது?"

"ஒண்ணும் இல்ல, போ. கம்பெனி வேனுக்கு நேரமாவுது ஒனக்கு."

நான் போகவில்லை. கவரைக் கழற்றினேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

அன்றைக்கே புதுச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவளைச் சேர்த்தேன். மறுநாள் கம்பெனியில் முதலில் ஸ்டோருக்குத்தான் போனேன். பத்து ஜோடிக்கு மேல் கூடுதலாகச் செய்த, அளத்துக்கே போகாத, யாரும் போடாத ஒரு ஜோடி அலமாரியில் மிச்சம் இருந்தது. மம்முட்டி படாதது. அதில் கம்பெனி போர்வெல் தண்ணீரை நிரப்பி, தகட்டின் மேல் நிறுத்தி வைத்தேன். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தேன். வலது ஷூவின் சுண்டுவிரல் ஓரத்தில் வரிசையாக நாலு சொட்டு நின்றது.

எங்கள் ஊரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும், ஈரமாக எதைப் பார்த்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்போம். அது ஒரு பழக்கம். ஒரு சொட்டை விரலில் எடுத்து வைத்தேன். கரித்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பே இல்லாத நல்ல தண்ணீர்.

ஸ்டோரில் க்ளே கட்டியிருந்த சாக்கு ஒன்றின் மூலையைத் திருப்பிப் பார்த்தேன், தையலில் உப்புக் கல் ஒட்டியிருந்தது. உதறியும் தட்டியும் சாக்கின் மூலையிலும் தையலிலும் தங்கிய உப்பு க்ளேயோடு போய், நான் நிறுத்துக் கொடுத்து, ரோலில் படபடவென்று நொறுங்கி, ஷூவுக்குள் பொடிப்பொடிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. உப்புப் பாத்தியில் சோதித்தபோது ஒழுகாததும் புரிந்தது. பாத்தித் தண்ணீர் ஏற்கெனவே கரைக்க முடிந்த அளவு உப்பைக் கரைத்து வைத்திருக்கும். இன்னொரு கல் உப்பு போட்டாலும் அப்படியே கிடக்கும். அதில் எத்தனை மணி நேரம் நின்றாலும் ஷூவின் உப்பு அசையாது. நல்ல தண்ணீரில்தான் அது கரைந்து, இருந்த இடத்தை ஓட்டையாக விட்டுப் போகும்.

அக்கா தினமும் சாயங்காலம் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தாள். ஒழுங்காக வைத்துக்கொண்டதால்தான் ஓட்டை விழுந்தது. அவளை நான் என்ன சொல்லித் திட்டினேனோ, அதற்கு நேர் எதிரானதை அவள் செய்துகொண்டிருந்தாள்.

மில் அண்ணனிடம் சொன்னேன். "உப்பு தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆவணும்" என்று ஷூவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு போய் எனக்கு டீ வாங்கி வந்தார். முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சாக்குகளை எல்லாம் வெளியே போடச் சொன்னார், பத்து ஜோடியையும் திரும்ப வாங்கிவரச் சொன்னார்.

வாங்கப் போனபோதுதான் மீதி தெரிந்தது. அக்காவைப் பார்த்து எல்லோரும் தினமும் குழாயில் கழுவியிருக்கிறார்கள், எல்லா ஷூவும் ஒழுகியிருக்கிறது. அளத்தில் எல்லாப் பெண்களும் பால் கவர் கட்டியிருக்கிறார்கள். ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்காவோடு ஜோடியாகக் கூடை தூக்கும் பெண் சொன்னாள்:

"ஒங்க அக்காதான் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. தங்கச்சி மொத மொதல்ல முதலாளிகிட்ட நின்னு கேட்டு செஞ்சது, பேரு கெட்டுடும்னாங்க. அவங்கதான் கவர் கட்டிக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

மருந்திலேயே காப்பாற்றப் பார்த்தும் முடியாமல், வைகாசியில் விரலை எடுத்தார்கள். ஷூ இல்லாவிட்டாலும் போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா, சர்க்கரை அப்படி என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவிடம் சாக்கிலிருந்து சொட்டு வரை எல்லாவற்றையும் சொல்லி, நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "சாக்கு நான்தானே குடுத்தேன்" என்றாள். அவள் அப்படித்தான், எதிலும் ஒரு பங்கு கேட்பாள்.

அந்த வருஷம் மிச்ச நாளெல்லாம் வீட்டில் இருந்தாள். பகலில் டிவி, சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் சமையலைக் குறை சொல்வது. மழை வந்து போனது. நான் பழைய கலவையையே புது க்ளேயில் செய்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு ஷூவையும் நல்ல தண்ணீர் நிரப்பி மூன்று நாள் நிறுத்தி, பிறகு உப்புத் தண்ணீரில் மூன்று நாள், மறுபடி நல்ல தண்ணீர். ஒரு சொட்டு வரவில்லை. தரையில் அப்பளம் வரைவதை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது நோட்டில் வரைகிறேன், யாரும் துடைக்க முடியாது.

தை பிறந்து அளத்தில் பாத்தி கட்டியதும் அக்கா கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். வரப்பில் மட்டும் நிற்பேன், கூடை எடுத்துக் கொடுப்பேன், பாத்தியில் இறங்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியம் எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியும். முதல் நாள் காலையில் புது ஷூவை நானே கொண்டுபோய் அவளுக்கு மாட்டிவிட்டேன். இடது கால் கச்சிதமாகப் போனது. வலது காலையும் போட்டுக்கொண்டு எழுந்து இரண்டு அடி நடந்தாள், நின்றாள், குனிந்து ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அவள் அழுத்தியதும் அந்த இடம் உள்ளே அமுங்கியது. சுண்டுவிரல் இருக்கும் மூலை. ஒரு மாதம் நான் ரப்பரைக் கெஞ்சிக் கூத்தாடி ஓட வைத்த மூலை.

"இங்க காலியா இருக்குதுடி" என்றாள்.

நான் என் வீட்டுக்குப் போய் என் பழைய பருத்திப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, உருட்டி, ஷூவைக் கழற்றி அந்த மூலையில் வைத்து அழுத்தினேன். நிறைந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தேன். அக்கா மறுபடி போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.